காட்டுப் பாதையில் ஒரு தடுப்பூசி முகாம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த கால்நடை ஆய்வாளர்களிடம் பேசுவதற்காகச் சில மாதங்களுக்கு முன்பு என்னைத் திருவள்ளூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, அரைமணி நேரம் பேசச் சொல்லும் வழக்கமான ஏற்பாடுதான். சினை ஊசி போடும்போது மாடு உதைத்த கதை, வண்டியோடு சேற்றில் விழுந்த கதை என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். முடிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல உங்களைத் தூங்க விடாத கேஸ் எது?" என்று கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கவரைப்பேட்டைக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா சின்ன வயதில் ஆண்டை வீட்டு மாடு மேய்த்தவர். பிறகு சிப்காட் வந்ததும் இரும்பு உருக்கும் கம்பெனியில் சேர்ந்தார். நான் மாட்டு வேலைக்குப் போகிறேன் என்றதும், "அத்த வுட்டுட்டுத்தானே நாங்க வந்தோம், நீ திரும்பவும் அங்கயே போறியே" என்றார். பயிற்சியில் மருந்துகளின் பெயரும், கயிறு கட்டும் விதமும், தோள்வரை கையை விட்டுக் கர்ப்பப்பையைத் தடவிப் பார்க்கிற பக்குவமும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றதையெல்லாம் மாடுகள் கற்றுக்கொடுத்தன. இரண்டு மூன்று ஊர்கள் மாறி, கடைசியில் காரைமேட்டுக் கிளை நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன்.

காரைமேடு, கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். ஒரு பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற நிலக்காரர்கள் வீடுகள். இன்னொரு பக்கம், அந்த நிலங்களில் முன்பு கூலி வேலை செய்து, இப்போது ஷிப்டு பஸ்ஸில் கம்பெனிக்குப் போகிறவர்களின் வீடுகள். ஊருக்கு மேற்கே காப்புக்காடு. பெரிய மரங்கள் நிறைந்த காடு இல்லை; காரை, களா, சூரை என்று முள் நிறைந்த புதர்க்காடு. நடுநடுவே வேம்பும் உசிலும் இருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வெறும் பொட்டல் என்பார்கள். ஆனால் புள்ளிமான் இருந்தது. முயல், கௌதாரி, உடும்பு, மயில் எல்லாம் இருந்தன. காட்டுப்பன்றி தேவைக்கு மேலேயே இருந்தது.

என் மேலதிகாரி டாக்டர் ஞானசேகரன். கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவர். மதுரைப் பக்கத்துக்காரர். மாட்டைப் பார்க்க வந்தால் நேராகப் போய்க் கை வைக்க மாட்டார். பத்தடி தள்ளி நின்று பார்ப்பார். மாடு எந்தக் காலில் பாரம் வைக்கிறது, காது எப்படி இருக்கிறது, மூச்சு விடும்போது விலா எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்து முடிக்கும்வரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது. மாட்டுக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும். "இன்னா சார், வேடிக்கை பாக்குறீங்க" என்று சிலர் நேராகவே கேட்டிருக்கிறார்கள். அவர் பார்ப்பதை நிறுத்த மாட்டார். பிறகு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கிட்டே போவார். மாட்டிடம் பேசும்போது மட்டும் குரல் மாறும். "கொஞ்சம் நில்லுங்க, இதோ முடிஞ்சிருச்சு" என்று மாமியாரிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசுவார். மனிதர்களிடம் அவ்வளவு பேச்சுக் கிடையாது. அவரோடு வேலை செய்த முதல் வருஷம் முழுக்க அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் தேசம்மாவிடமிருந்து போன் வந்தது. தேசம்மா காரைமேட்டுக்காரி. ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டு, ஒரு கலப்பின ஜெர்சி மாடும் வைத்திருந்தாள். அதற்கு ரோஜா என்று பெயர். நான்தான் சினை ஊசி போட்டிருந்தேன். எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது மாதம் தொடங்கியிருந்தது.

"ரூபிக்கா, ரோஜா வாய் இல்லாம நிக்குது" என்றாள் தேசம்மா. அவள் அழவில்லை. சொன்னது எனக்குப் புரியவும் இல்லை. "வாய்ல புண்ணா?" என்று கேட்டேன். "வாயே இல்லக்கா" என்றாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். காட்டோரத்தில், ஒரு வேப்ப மரத்தடியில் மாடு நின்றுகொண்டிருந்தது. கத்தவில்லை, ஓடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கீழ்த்தாடை முன்பக்கம் முழுக்கச் சிதறித் தொங்கியது. ரத்தமும் எச்சிலும் சேர்ந்து கயிறுபோல மண்ணுக்கு ஒழுகிக்கொண்டிருந்தன.

பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்திருந்தது. வெடிமருந்தோடு கூழாங்கல்லைச் சேர்த்து உருண்டையாக நூல் சுற்றி, மேலே கருவாடோ கொழுப்போ வெல்லமோ பூசிப் புதரோரம் போட்டுவிடுவார்கள். பன்றி கடித்தால் வெடித்துத் தலை சிதறும். பின்னாலேயே வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தத் தடவை வெல்லம் பூசியிருந்தார்கள்போல. மாடு நக்கிப் பார்த்துக் கடித்துவிட்டது.

டாக்டர் வந்தார். வழக்கம்போலத் தள்ளி நின்று பார்த்தார். அன்றைக்கு அது எனக்கே தாங்கவில்லை. "சார், ரத்தம் போய்க்கிட்டே இருக்கு" என்றேன். அவர் திரும்பாமல், "வயித்தைப் பாருங்க" என்றார். பார்த்தேன். வலது விலாவுக்குக் கீழே கன்று உதைத்தது. தோல் மேலெழும்பி அடங்கியது.

தாடை நரம்பை மரத்துப்போகச் செய்து, ரத்தக்குழாய்களைக் கட்டி, எலும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கழுவி முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் டாக்டர் தேசம்மாவைப் பார்த்தார். அவள் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் டாக்டர் அவளிடம்தான் பேசினார்.

"தாடை சேராதும்மா. இவங்களால இனி மேய முடியாது. இப்பவே வலியில்லாம முடிச்சிடலாம். இல்லன்னா, மூக்கு வழியா குழாய் விட்டுக் கஞ்சி ஊத்தி, குளுக்கோஸ் ஏத்தி, ரெண்டு வாரம் தாட்டினா கன்று பிழைக்கலாம். பிழைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"அந்த ரெண்டு வாரமும் அதுக்கு நோவாதா சார்?"

"வலிக்கு ஊசி போடுவோம். நோவே இருக்காதுன்னு சொன்னா பொய்."

தேசம்மா மாட்டின் வயிற்றில் கையை வைத்தாள். "உள்ள இருக்கிறது இன்னா பண்ணுச்சு" என்றாள். பிறகு, "ஊத்தலாம் சார்" என்றாள்.

மாட்டை மெதுவாக நடத்திக் கொண்டுவந்து தேசம்மா வீட்டு வாசலில், தெருவிலேயே ஒரு கொட்டாய் போட்டுக் கட்டினோம். அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தெருவில் நடந்ததால்தான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. மாடு காட்டிலேயே செத்திருந்தால் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். தெருவில் நின்றதால், வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் தினமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது.

குழாய் விடுவது லேசான வேலை இல்லை. மூக்குத் துவாரத்தில் எண்ணெய் தடவி, மாடு விழுங்குகிற நேரம் பார்த்து மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போய், அது தெரியாமல் கஞ்சியை ஊற்றினால் மாடு அங்கேயே மூச்சடைத்துச் சாகும். அதனால் வெளியே இருக்கும் முனையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மூச்சு விடும்போதெல்லாம் காற்று வந்தால் நுரையீரல். புளித்த வாடை வந்தால் வயிறு. டாக்டர் முதல்நாள் எனக்குக் காட்டினார். மறுநாள் என்னைச் செய்யச் சொல்லிவிட்டு, நான் சரி என்று சொன்ன பிறகும் தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தார். அதற்கடுத்த நாள் முகரவில்லை. அவர் என்னைப் பாராட்டியது அவ்வளவுதான்.

கஞ்சி ஊர் முழுவதிலிருந்தும் வந்தது. யாரும் கேட்கவில்லை. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கூழோ கஞ்சியோ குண்டானில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் நின்று பேச யாரும் தயாராக இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். வெடி வைத்தது வெளியூர்க் கும்பல். அவர்களை வரச் சொன்னது முனிரத்தினம். அவர்கள் பிடித்த பன்றியின் கறி போகாத வீடு அந்த ஊரில் அநேகமாக இல்லை. தேசம்மா வீட்டிலும் வெந்திருக்கிறது.

முனிரத்தினம் கெட்ட மனிதர் இல்லை. காட்டை ஒட்டி அவருக்கு வேர்க்கடலை நிலம். காய் பிடிக்கிற நேரத்தில் பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் உழுததுபோலக் கிளறிப் போட்டுவிடும். மனு கொடுத்துப் பார்த்தார், வேலி போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்காமல் போகவே, அந்தக் கும்பலைக் கூப்பிட்டார். அவர்கள் பன்றியோடு நிற்கவில்லை. மானுக்குக் கண்ணி வைத்தார்கள். கம்பெனிகளில் கழித்துப்போட்ட கம்பிவடத்தைப் பிரித்து எடுத்த இழைதான் கண்ணி. பன்றிக்காக அவர்கள் போட்ட வழியிலேயே மரம் வெட்டுகிறவர்களும் உள்ளே வந்தார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முனிரத்தினமே ஒரு தூக்கில் கஞ்சியோடு வந்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வச்சுட்டுப் போறேம்மா" என்றார் தேசம்மாவிடம்.

"வைக்காத அண்ணா. நீயே ஊத்து" என்றாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது."

"அக்கா குழாயைப் புடிச்சிக்கும். நீ மேல இருந்து ஊத்தினா போதும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் புனலை நீட்டினேன். மாட்டின் முகத்துக்கு அரை அடி தூரத்தில் நின்று அவர் ஊற்றினார். அந்த வாயிலிருந்து வந்த வாடை எனக்குப் பழகியிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் நகரவில்லை. பார்க்காமல் ஊற்றியதில் கொஞ்சம் கஞ்சி என் தோளில் சிந்தியது. முடித்ததும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "பன்னி வந்து உருட்டிப் போட்டுட்டுப் போவுது. வருசாவருசம் வயித்துல அடிக்குது. நான் இன்னாதான் பண்றது, நீயே சொல்லு நைனா" என்றார். கடைசி வார்த்தைகளைத் தேசம்மா வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

தேசம்மாதான் பதில் சொன்னாள். "உனக்கு ஆள்தானே இல்ல? புள்ளைங்க எல்லாம் மெட்ராஸ்ல கீறாங்க. காய் புடிக்கிற மாசத்துல நாங்க முறை வச்சு உன் நிலத்துக்குக் காவல் வரோம். எங்க மாடு காட்டோரம் மேயணும். நீ அந்த ஆளுங்களைக் கூப்பிடக் கூடாது."

"காவல் இருந்தும் பன்னி பூந்துட்டா?"

"பூந்துட்டா பூந்துடுச்சு. அப்பவும் கூப்பிடக் கூடாது."

அதை உடனே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள். "அவரு நிலத்துக்கு நாங்க எதுக்கு முழிச்சிக்கினு உக்காரணும்? அந்தக் காலம் போச்சு" என்று கம்பெனிக்குப் போகிற இளைஞர்கள் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்களுடைய அப்பாக்கள் அதே நிலத்தில் கைகட்டி நின்றவர்கள். நிலக்காரர்களில் சிலருக்கோ இவர்களிடம் போய் ஒப்பந்தம் பேசுவதே கௌரவக் குறைவாக இருந்தது. நாற்காலி தூக்கி எறிகிற அளவுக்குப் போய், மறுபடி உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் நிலக்காரர்கள் வீட்டிலிருந்தும் முறைக்கு ஒரு ஆள் காவலுக்கு வரவேண்டும் என்று முடிவானது. கூடவே இன்னொன்றும் பேசினார்கள். மாட்டை அவிழ்த்து விடுவதற்கு முன்னால், தினமும் விடிந்ததும் ஊரிலிருந்து ஆட்கள் வரிசையாகக் கைக்குக் கை எட்டுகிற தூரத்தில் காட்டோரம் நடந்து, வெடியும் கண்ணியும் இருக்கிறதா என்று பார்ப்பது. கண்ணி இருந்தால் அறுப்பது. வெடி இருந்தால் தொடாமல், பக்கத்தில் ஆள் நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்வது.

இதற்கிடையில் ரோஜா இளைத்துக்கொண்டே போனது. ஒருநாள் டாக்டரிடம் கேட்டேன், "சார், நாம பண்றது சரிதானா?"

கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "தெரியலம்மா" என்றார். "தினமும் காலைல அவங்களைப் பார்த்துட்டு, இன்னிக்கு ஒருநாள் தாங்குவாங்களான்னு மட்டும் யோசிக்கிறேன். மொத்தமா யோசிச்சா என்னால முடியல."

ஒன்பதாம் மாதம் பாதிக்கு வந்ததும் பிரசவத்தைத் தூண்டும் ஊசி போட்டோம். அடுத்த நாளுக்கு அடுத்த நாள் காலை, கிடேரிக் கன்று பிறந்தது. கால்கள் மெலிந்து, மயிர் சரியாக முளைக்காமல் இருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. வைக்கோலால் துடைத்துத் தாயின் முன்னால் போட்டேன். மாடு மூக்கால் அதை முகர்ந்தது. பிறகு நக்கப் பார்த்தது. நாக்கு சொன்னபடி வரவில்லை. திரும்பத் திரும்ப நக்கப் பார்த்தது. தெருவில் அத்தனை பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேசம்மா சீம்பாலைக் கறந்து கன்றுக்குப் புட்டியில் கொடுத்தாள். கன்று குடித்து முடித்த பிறகு, டாக்டர் மாட்டின் நெற்றியில் கையை வைத்து என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து, அது படுத்த பிறகு, கடைசி ஊசியைப் போட்டார். அன்றைக்கு மட்டும் அவர் கைகழுவ மறந்து ஜீப்பில் ஏறினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சோகக் கதையாகச் சொல்லிப் பழகியிருப்பேன். முடியவில்லை. வெடி வைத்த கும்பல் வராமல் போனது உண்மை. ஆனால் மரம் வெட்டுகிறவர்கள் நிற்கவில்லை. பட்டா நிலத்து மரம் என்று ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு பட்டப்பகலிலேயே லாரியோடு காட்டுக்குள் போய் வேம்பையும் உசிலையும் அறுத்துக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்கள் வனத்துறைக்குச் சொன்னால், அங்கே இருக்கிற ஒன்றிரண்டு பேர் வந்து சேர்வதற்குள் லாரி நெடுஞ்சாலை ஏறிவிடும்.

கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கிற சமயம் அது. ஒருநாள் காரைமேட்டுக் கோயில் மைதானத்தில் முகாம். நான் ஐஸ் பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது தேசம்மா ஓடி வந்தாள்.

"அக்கா, லாரி உள்ள போயிருக்குது. வரிசையில நடந்த பசங்க பாத்திருக்காங்க. பாரஸ்ட்டுக்குப் போன் பண்ணிட்டோம். வர நேரமாகும்ன்றாங்க. அதுவரைக்கும் லாரியை வெளிய வுடக் கூடாது. ஆனா நாங்க போய் மறிச்சா அடிதடின்னு எங்க பசங்க மேலதான் கேஸ் போடுவாங்க. கம்பெனி வேலையும் போயிடும்."

மைதானத்தைப் பார்த்தேன். சுற்றியிருந்த ஊர்களிலிருந்து மாடுகள் வரத் தொடங்கியிருந்தன. டாக்டருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் காட்டுப் பாதை வாய்ல நிழல் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். புங்கமரம் இருக்கு."

"மாட்டை வெயில்ல நிறுத்தக் கூடாது. முகாமை அங்க மாத்திடுங்க. நான் நேரா அங்க வர்றேன்."

காட்டுக்குள் போக வர லாரிக்கு அந்த ஒரே வழிதான். இரண்டு பக்கமும் ஓடை. அரைமணி நேரத்துக்குள் அந்தப் பாதை முழுக்க மாடுகள். பசு, காளை, எருமை, கன்று என்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. டாக்டர் வந்து மேசையைப் போடச் சொன்னார். பாதைக்கு நடுவில் போட்டோம். முதல் பாட்டிலைத் திறந்து கழுத்துச் சதையில் ஊசி போட ஆரம்பித்தார். நான் மாட்டின் எண் எழுதிய காதுத் தோட்டைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து லாரி வந்து, ஹாரன் அடித்தது. எருமைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். "சார், கொஞ்சம் மாட்டை ஓரம் கட்டச் சொல்லுங்க. லோடு அவசரம்."

டாக்டர் ஒரு காளையைப் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்த பிறகுதான் திரும்பினார். "ஊசி போட்ட மாடு கொஞ்ச நேரம் அமைதியா நிக்கணும். நீங்களும் சத்தம் போடாதீங்க, கன்னுக்குட்டிங்க மிரளும்."

"எம்மா நேரம் ஆவும் சார்?"

"மாடு வந்துக்கிட்டே இருக்கு. வர்றதுக்கெல்லாம் போடணும்."

டிரைவர் யாருக்கோ போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் டாக்டருக்குப் போன் வந்தது. பேசியது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுமுனையின் குரல் எங்களுக்கும் கேட்கிற அளவுக்கு உயர்ந்தது. டாக்டர் கடைசிவரை கேட்டுவிட்டு, "பாட்டில் திறந்தாச்சு சார். திறந்தா இன்னிக்கே முடிச்சாகணும், வைக்க முடியாது" என்று சொல்லிப் போனைப் பையில் போட்டுக்கொண்டார். அது முழு உண்மை. திறந்த மருந்தை மறுநாள் பயன்படுத்தக் கூடாது. அப்புறம் அவர் அடுத்த மாட்டுக்குப் போனார்.

ஜனங்கள் சத்தமில்லாமல் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் முனிரத்தினமும் தன் உழவு மாடுகளோடு நின்றார். லாரியில் வந்தவர்களில் ஒருவன், "ஏய், நவுருங்கடா" என்று ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினான். முனிரத்தினம் தன் மாட்டின் கயிற்றைப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டு அவன் முன்னால் போனார். "வெட்டின மரம் பட்டா நிலத்து மரம்னு சொல்லித்தானே காயிதம் வச்சிருக்கீங்க? எங்க, எந்த நிலம்னு காட்டு. நானும் வரேன்" என்றார். அவன் கட்டையைக் கீழே போடவில்லை, ஓங்கவும் இல்லை. டிரைவர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்.

வனத்துறை ஜீப் வந்தபோது எங்களிடம் ஒரே ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. லாரியைச் சோதித்தார்கள். வெட்டிய மரத்துக்கு அடியில், தார்ப்பாயில் சுற்றி இரண்டு புள்ளிமான்கள் இருந்தன. ஒன்றின் கழுத்தில் கம்பி இழை இன்னும் இறுகியிருந்தது. தேசம்மா அதைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

முகாம் இடத்தை ஏன் மாற்றினீர்கள் என்று டாக்டரிடம் விளக்கம் கேட்டார்கள். மாடுகள் இருந்த இடத்தில் முகாம் நடத்தப்பட்டது என்று ஒரே வரியில் பதில் கொடுத்தார். மழைக்காலம் வருவதற்குள் அவரைத் தூரத்து மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். முகாமுக்கும் மாறுதலுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவர் கிளம்புகிற நாளில் காரைமேட்டுக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். அவர் மாலையை வாங்கித் தேசம்மாவின் கிடேரிக்குப் போட்டார். அது உடனே மாலையைத் தின்ன ஆரம்பித்தது. "பூச்சிமருந்து அடிச்ச பூவா இருக்கப் போகுது, எடுங்க" என்றார் என்னிடம். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. லாரியில் வந்தவர்கள் ஜாமீனில் வெளியே வந்தார்கள். அடுத்த பருவத்தில் காவலையும் மீறிப் பன்றி முனிரத்தினம் நிலத்தில் புகுந்து பாதியை அழித்தது. அவர் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. கும்பலையும் கூப்பிடவில்லை. அப்புறம் ஒருநாள் வரிசையில் நடந்தவர்கள் மறுபடி ஒரு வெடியைக் கண்டெடுத்தார்கள். யார் வைத்தது என்று தெரியவில்லை. ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம். நான் ஓய்வு பெற்றேன். ஊரில் மாடுகள் குறைந்துகொண்டே வந்தன. மாடு இல்லாத வீட்டுக்காரர்கள், "எங்களுக்கு இன்னா, நாங்க எதுக்கு நடக்கணும்" என்று வரிசையிலிருந்து விலகினார்கள். தேசம்மாவும் ரோஜாவின் கிடேரிக்குப் பிறகு மாடு வைக்கவில்லை. பழைய மாட்டுக் கொட்டகையை அறைகளாகத் தடுத்து, கம்பெனிக்கு வந்திருக்கிற ஒடிசாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். ஆனால் நடப்பதை மட்டும் அவள் விடவில்லை.

திருவள்ளூரில் அந்தப் பெண் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், கொஞ்ச நாள் கழித்து நானும் காரைமேட்டுக்குப் போய் அந்த வரிசையில் நடந்தேன். மொத்தம் ஆறு பேர்தான். அதில் தேசம்மா வீட்டில் குடியிருக்கும் சபிதா என்ற ஒடிசாப் பெண்ணும் இருந்தாள். கம்பெனிச் சீருடையோடு வந்திருந்தாள். நடந்து முடித்து அப்படியே பஸ் ஏறுவாளாம்.

களாப் புதர் ஒன்றின் பக்கத்தில் சபிதா நின்றுவிட்டாள். கையை மட்டும் மேலே தூக்கினாள். புதரடியில், நூல் சுற்றிய உருண்டை. கருவாட்டு வாடை அடித்தது. வனத்துறைக்குப் போன் செய்யச் சிக்னல் கிடைக்கிற இடம் தேடித் தேசம்மா சாலைப் பக்கம் போனாள். மற்றவர்கள் மிச்சமிருந்த தூரத்தைப் பார்க்கப் போனார்கள். தூரத்தில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டது. சபிதா சாலையைப் பார்த்தாள். ஆனால் நகரவில்லை.

"போம்மா, நான் நிக்கிறேன்" என்றேன்.

"அக்கா தனியா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான்.

"தனியாத்தான். போ, பஸ் போயிடும்."

தன் கையிலிருந்த கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். நான் அந்த உருண்டைக்கும் புதருக்கும் நடுவில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் புதருக்குள் சலசலப்பு. முதலில் குட்டிகள் வந்தன, முதுகில் கோடு போட்ட குட்டிகள். பின்னாலேயே தாய்ப்பன்றி. மூக்கைத் தூக்கி வாடை பிடித்தது. கருவாட்டு வாடைதான். என்னைப் பார்த்தும் விலகவில்லை. குட்டியோடு இருக்கிற பன்றி பாயும் என்று எனக்குத் தெரியும். கம்பால் தரையில் அடித்தேன். "போ" என்றேன். அது ஓரடி முன்னால் வந்தது. கல்லை எடுத்து எறிந்தேன். இன்னொரு கல். "போயேன்" என்று கெஞ்சுவதுபோலத்தான் என் குரல் வந்தது. அது உறுமிவிட்டுத் திரும்பி, குட்டிகளை ஓட்டிக்கொண்டு, நேராக வேர்க்கடலை நிலத்துப் பக்கம் போனது.

முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். இந்த இடத்தில் சிக்னல் வராது என்று நினைத்தேன், ஆனால் மணி அடித்தது. "அண்ணா, ரூபி பேசறேன். ஒரு தாய்ப்பன்னி, குட்டிங்களோட உங்க நிலத்துப் பக்கம் வருது."

அவர் கெட்ட வார்த்தையில் பன்றியைத் திட்டினார். பிறகு, "சரிம்மா, ஓட்டிக்கிறேன்" என்றார். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் ஒருவர், பிறகு இரண்டு மூன்று பேர்.

வெடியை எடுக்க வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கம்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.